மைனஸ் 1.9 டிகிரி கடலில் மீன் ஏன் உறைவதில்லை? வகுப்பில் செய்து காட்ட வழி வேண்டும்

தண்டையார்பேட்டை டீச்சர்

வணக்கம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் துருவக் கடல் மீன்களைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் குப்பத்துப் பிள்ளைகள். மீனையும் ஐஸையும் பற்றி அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. "அந்த மீனின் ரத்தத்தில் உறைதடுப்புப் பொருள் இருக்கிறது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு அவர்கள் விட மாட்டார்கள்.

ஏற்கெனவே வந்த கேள்விகள் இரண்டு. ஒன்று: "கடல் உப்பா இருக்கறதால உறையல. மீனும் அதே கடல்லதானே கிடக்குது, அது மட்டும் ஏன் உறையணும்?" இரண்டு: "வண்டி ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட் மாதிரியா டீச்சர்?"

ஒன்றரை மணி நேரத்துக்குள் ஐஸ், உப்பு, சோதனைக்குழாய் வைத்துச் செய்து காட்டும்படி ஏதாவது சொல்லுங்கள். விளக்கமும் தவறில்லாமல் இருக்க வேண்டும்.

வெண்செவுள்

முதல் கேள்வியில் இருந்தே தொடங்கலாம் டீச்சர், அந்தப் பிள்ளை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது.

எலும்பு மீன்களின் ரத்தம் கடல் அளவுக்கு உப்பு இல்லை. கடலில் உள்ள கரைபொருளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதன் உடம்பில் இருக்கும். மீன் கடல் நீரைக் குடிக்கிறது, அதிகப்படி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வஞ்சிரமானாலும் சங்கராவானாலும் இதுதான் கணக்கு. கடல் நீர் உறைவது மைனஸ் 1.9 டிகிரியில், சாதாரணக் கடல் மீனின் ரத்தம் உறைவது மைனஸ் 0.7, 0.8 டிகிரியில். நடுவில் இருக்கும் அந்த ஒரு டிகிரி சொச்சத்தில்தான் சிக்கலே. கடல் திரவமாக இருக்கும்போதே உள்ளே இருக்கும் மீன் உறைந்துவிடலாம்.

அண்டார்டிகாவின் மக்மர்டோ வளைகுடாவில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் மைனஸ் 1.9 அளவிலேயே நிற்கிறது. அங்குள்ள நோட்டோதெனியாய்டு வகை மீன்களின் ரத்தத்தில் நம்மூர் மீனைவிட உப்பு கொஞ்சம் அதிகம். ஆனாலும் அந்த உப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் மைனஸ் 1.1 வரைதான் தாங்கும். மிச்சத்தைப் புரதம் பார்த்துக்கொள்கிறது.

ஒரு விஷயத்தை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள். உறைநிலைக்குக் கீழே போவது வேறு, உறைவது வேறு. 1950களில் ஷோலாண்டரும் கூட்டாளிகளும் கனடாவின் லாப்ரடார் கடற்கரையில் இதைக் கண்டார்கள். ஆழத்தில் மைனஸ் 1.7 அளவில் சில மீன்கள் உறைதடுப்பு எதுவும் இல்லாமலே உயிரோடு திரிந்தன. அவற்றின் ரத்தம் மிகைக்குளிர்வு நிலையில், அதாவது உறைநிலைக்குக் கீழேயும் உறையாமல், இருந்தது. ஐஸ் துணுக்கு ஒன்று அவற்றைத் தொட்டதும் உறைந்து செத்தன. ஆழத்தில் ஐஸ் இல்லாததால் பிழைத்துக் கிடந்தன, அவ்வளவுதான். ஆகவே உங்கள் சோதனையில் குளிரை மட்டும் காட்டினால் போதாது. ஐஸ் துணுக்கு தொடும் அந்த நொடியைக் காட்ட வேண்டும்.

ஐஸ்பார்

டீச்சர், செய்முறையை நான் எழுதறேன். தெர்மோகோல் மீன் பெட்டி ஒண்ணு, நொறுக்கின ஐஸ் நாலு கிலோ, பொடி உப்பு, ஒரு கிராம் துல்லியமா காட்டற தராசு, மைனஸ்ல 0.1 வரைக்கும் காட்டற டிஜிட்டல் தெர்மாமீட்டர், சோதனைக்குழாய் ஏழு, அலுமினியம் தாள், இடுக்கி. தண்ணிக்கு கேன் தண்ணியே எடுங்க. காசிமேட்டுக் கடல் தண்ணி வேணாம். துறைமுகத்துத் தண்ணில எண்ணெய் இருக்கும், மழை மாசத்துல உப்பும் குறைஞ்சு போயிருக்கும், கணக்கு தப்பும்.

முதல்ல தெர்மாமீட்டரை சரி பாருங்க. டம்ளர் நிறைய நொறுக்கின ஐஸ், அது மூழ்கற அளவுக்கு நல்ல தண்ணி. அஞ்சு நிமிஷம் கலக்கிட்டு முனையை உள்ள வைங்க. 0.0 காட்டணும். 0.4 காட்டினா எல்லா அளவுலயும் 0.4 கழிச்சுக்கணும். இங்கே ஒரு டிகிரிக்குள்ள மொத்த விஷயமும் இருக்கு, அதனால இந்த வேலையை விட்டுடாதீங்க.

கரைசல் மூணு, ஒவ்வொண்ணும் ஒரு லிட்டர் கணக்கு. 'அ' கரைசலுக்கு 12 கிராம் உப்பு. இது மைனஸ் 0.7ல உறையும், நம்மூர் மீனோட ரத்தம்னு வெச்சுக்கலாம். 'ஆ' கரைசலுக்கு 19 கிராம், மைனஸ் 1.1. அண்டார்டிகா மீனோட ரத்தத்துல இருந்து புரதத்தை எடுத்துட்டா இப்படி இருக்கும். 'இ' கரைசலுக்கு 35 கிராம், மைனஸ் 2 பக்கம். இது கடல். ஒவ்வொண்ணுலயும் 10 மில்லி, ரெண்டு ரெண்டு குழாய். எல்லாத்தோட வாயையும் தாளால மூடிடுங்க.

இனி குளிர்த்தொட்டி. இதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. குல்ஃபி பானைக்குப் போடற மாதிரி மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு போட்டா மைனஸ் 18 வரை இறங்கிடும். கடல் குழாய் உட்பட எல்லாமே பத்து நிமிஷத்துல கட்டியாயிடும், பிள்ளைங்க "எல்லாம் உறையுது"ன்னு எழுதிட்டுப் போயிடும். நமக்கு வேண்டியது மைனஸ் 1.7. ரெண்டு லிட்டர் தண்ணியை முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜ்ல வைங்க. காலையில 65 கிராம் உப்பை அதுல கரைச்சு, ரெண்டு கிலோ ஐஸைக் கொட்டிக் கலக்குங்க. ஃபிரிட்ஜ் தண்ணிக்குப் பதிலா குழாய்த் தண்ணி ஊத்தினா, அதைக் குளிர வைக்கவே லிட்டருக்கு 400 கிராம் ஐஸ் உருகிடும், உப்பு நீர்த்துப் போய் மைனஸ் 1.4லயே நிக்கும். தொட்டி மைனஸ் 1.5க்கு மேல ஏறினா அஞ்சு கிராம் உப்பைக் கொஞ்சம் தண்ணில கரைச்சு ஊத்துங்க. அப்படியே உப்பா தூவாதீங்க. தூவின இடம் மட்டும் மைனஸ் 5, 6ன்னு போயிடும். மைனஸ் 1.8க்குக் கீழ போனா ஒரு டம்ளர் குளிர்ந்த நல்ல தண்ணி.

குழாய்களை இருபத்தஞ்சு நிமிஷம் ஆடாம அசையாம வைங்க. தெர்மாமீட்டரைக் குழாய்க்குள்ள விடாதீங்க, அதோட முனையே உறைதலைக் கிளப்பி விட்டுடும். ஏழாவது குழாய்ல தனியா 'இ' கரைசல் ஊத்தி, அதுல வெச்சுப் பார்த்தா போதும்.

அப்புறம் அரிசி நொய் அளவு ஐஸ் துணுக்கு, நல்ல தண்ணில செஞ்ச ஐஸா இருக்கணும். இடுக்கியை அஞ்சு நிமிஷம் ஐஸுக்குள்ள புதைச்சு வெச்சுட்டு எடுங்க, இல்லன்னா வழியிலயே உருகிடும். ஒவ்வொரு குழாயிலயும் ஒண்ணு போடுங்க. 'அ' குழாயில போட்ட நொடியே ஊசி ஊசியா படரும். 'ஆ' குழாயில படரும், கொஞ்சம் மெதுவா. 'இ' குழாயில துணுக்கு சும்மா மிதக்கும், மெல்லக் கரையும். தாளை மூடி இன்னும் அரை மணி விட்டுட்டுப் பார்த்தா 'அ' பாதிக்கு மேல கட்டி.

தண்டையார்பேட்டை டீச்சர்

மிக்க நன்றி அண்ணா, இது அப்படியே செய்யக்கூடியது. ஆனால் 'ஆ' குழாய் உறைகிறது என்று காட்டிவிட்டால் "அப்ப அந்த மீன் எப்படிப் பிழைக்குது?" என்று கேட்பார்கள். அந்தப் புரதத்துக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் ஜெலட்டின், சோளமாவு மாதிரி ஏதாவது சேர்த்துக் காட்ட முடியுமா?

புரதக்கூடம்

ஜெலட்டின் வேண்டாம் மேடம். அது கரைசலைக் கெட்டியாக்கி ஊசிகள் படர்வதைத் தாமதப்படுத்தும், உறைநிலையைத் தொடாது. பிள்ளைகள் மனதில் "புரதம் என்றால் ரத்தம் கெட்டியாகும்" என்று தவறாகப் பதியும். உண்மையான பொருளைக் கடையில் வாங்க முடியாது, ஆகவே வேலை செய்யும் விதத்தை ஒரு மாதிரியால் காட்டலாம். அதற்கு முன் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆர்தர் டிவ்ரீஸ், 1960களில் மக்மர்டோவில். நோட்டோதெனியாய்டுகளின் ரத்தத்தில் இருப்பது ஒரு கிளைக்கோபுரதம், அதாவது சர்க்கரை ஒட்டிய புரதம். அமைப்பு வியக்கும்படி எளிமையானது: அலனின், அலனின், திரியோனின், மறுபடியும் அலனின், அலனின், திரியோனின். இதே மூன்று அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப. ஒவ்வொரு திரியோனினிலும் இரட்டைச் சர்க்கரை ஒன்று தொங்கும். நீளத்தைப் பொறுத்து எட்டு அளவுகளாகப் பிரிக்கிறார்கள், மூலக்கூறு எடை சுமார் 2,600 முதல் 33,700 வரை.

கூலன்ட் கேள்விக்கு வருகிறேன். கூலன்டில் இருக்கும் கிளைக்காலும் உப்பும் எண்ணிக்கையால் வேலை செய்கின்றன. எத்தனை மூலக்கூறு கரைகிறதோ அவ்வளவு உறைநிலை இறங்கும். என்ன மூலக்கூறு என்பது பொருட்டில்லை. இந்தப் புரதத்துக்கு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 20 கிராம் இருக்கிறது, எல்லாமே மிகச் சிறிய 2,600 வகை என்றே வைத்துக்கொள்வோம். 20ஐ 2,600ஆல் வகுத்து, தண்ணீரின் உறைநிலைத் தாழ்வு மாறிலியான 1.86ஆல் பெருக்கினால் 0.014 டிகிரி வரும். உண்மையில் அது ஒரு டிகிரிக்கு மேல் இறக்குகிறது. எண்ணிக்கையால் இது நடக்கவே முடியாது. கரும்பலகையில் இந்த ஒரு கணக்கைப் போட்டால் கூலன்ட் கேள்வி தீர்ந்துவிடும்.

மீனின் உடம்பில் ஐஸ் உருவாவதை இந்தப் புரதம் தடுப்பதில்லை. உருவான, அல்லது உள்ளே நுழைந்த ஐஸ் துணுக்கின் முகத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் சந்துகளில் மட்டும்தான் ஐஸ் வளர முடியும். அங்கே வளர்ந்தால் முகம் புடைத்து வளையும். வளைந்த முகத்தில் தண்ணீர் மூலக்கூறு வந்து சேர்வது கடினம், இன்னும் அதிகக் குளிர் வேண்டும். இதை 1977ல் ரேமண்டும் டிவ்ரீஸும் விளக்கினார்கள்.

மாதிரி இப்படிச் செய்யலாம். பெரிய பலூன் ஒன்றை வெட்டி அந்த ரப்பர் தாளை அடி வெட்டிய பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றின் வாயில் இழுத்துக் கட்டுங்கள். அதன் மேல் ஜன்னலுக்கு அடிக்கும் கொசு வலையை இறுக்கிப் பிடித்து, கீழிருந்து விரலால் ரப்பரை மேலே தள்ளச் சொல்லுங்கள். வலைக்கண் வழியாக ரப்பர் சிறு சிறு மொட்டாகப் புடைக்கும், அதற்கு மேல் போகாது. பிறகு கண் பெரிதான கோழிக் கூண்டு வலையை வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். சுலபமாகப் புடைத்து வெளியே வரும். ரப்பர்தான் ஐஸின் முகம், வலைக்கம்பி புரதம், விரலின் அழுத்தம் குளிர். புரதம் அதிகமானால் கண் சிறிதாகும், அதைத் தாண்டி வளர இன்னும் குளிர் வேண்டும்.

ஐஸ்பார்

புரதக்கூடம் சார் சொன்னதுல ஒரு சந்தேகம். ஐஸ் பார் நடுவுல வெள்ளையா ஒரு தண்டு ஓடும், ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும். கேனை மைனஸ் 10 உப்புநீர்த் தொட்டில இறக்கினா ஓரத்துல இருந்து உள்பக்கமா உறையும். உறையற ஐஸ், தண்ணில இருக்கற உப்பு, காத்து எல்லாத்தையும் நடுப்பக்கம் தள்ளிக்கிட்டே போகும், கடைசியா நடுவுல மாட்டறதுதான் அந்த வெள்ளை. ஐஸ் தன்னைத் தவிர எதையும் உள்ள சேர்க்காதுன்னுதான் தொழில்ல சொல்வோம். அப்ப இந்தப் புரதத்தையும் தள்ளிடாதா? தள்ளிட்டா எப்படி ஒட்டும்?

புரதக்கூடம்

அண்ணே, இந்த ஆராய்ச்சியின் நடு முடிச்சே இந்தக் கேள்விதான். உப்பை ஐஸ் தள்ளிவிடும். இந்தப் புரதத்தைத் தள்ள முடியாது, அது முகத்தில் ஒட்டியதும் ஐஸ் அதை விழுங்கிக்கொண்டு போகும். அது ஐஸோடு ஒட்டுகிறது என்பதற்கு முதல் தடயங்களில் ஒன்றே அதுதான்.

இன்று ஆய்வகத்தில் இதைப் பிரித்தெடுக்கவும் அதே வழியைப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே குளிர்திரவம் ஓடும் பித்தளை விரல் ஒன்றைக் கரைசலில் இறக்கி, மெல்லிய ஐஸ் தோலை முதலில் படிய வைத்து, கலக்கிக்கொண்டே மிக மெதுவாக ஐஸை வளர்க்க வேண்டும். உப்பும் மற்ற புரதங்களும் வெளியே தங்கும், உறைதடுப்புப் புரதம் மட்டும் ஐஸுக்குள் போகும். அந்த ஐஸை எடுத்து உருக்கினால் பெருமளவு தூய புரதம். அவசரப்பட்டு வேகமாக உறைய வைத்தால் எல்லாம் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், உங்கள் வெள்ளைத் தண்டு போல.

டீச்சர், ஐஸ் பாரை உடைத்து அந்தத் தண்டைக் காட்டிவிட்டு இதைச் சொல்லுங்கள். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

எண்ணூர் முகத்துவாரம்

எல்லாக் குளிர்கடல் மீனும் இதே வழியில் பிழைக்கிறது என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. சில விலக்குகள்.

கூலன்ட் வழியில் போகும் மீனும் உண்டு. வட அட்லாண்டிக்கின் ரெயின்போ ஸ்மெல்ட், குளிர்காலத்தில் ரத்தத்திலும் தசையிலும் கிளிசராலைச் சேர்த்து வைக்கிறது. அதன் சதை அப்போது இனிக்கும். அந்த மாணவர் சொன்னது ஒரு மீனுக்காவது பொருந்துகிறது, அதை வகுப்பில் சொல்லிப் பாராட்டுங்கள்.

சுறாவுக்கும் திருக்கைக்கும் இந்தப் பிரச்சினையே பெரிதாக இல்லை. அவை யூரியாவையும் டிரைமெத்திலமைன் ஆக்சைடையும் உடம்பில் நிறைத்துக் கடலுக்குச் சமமான அடர்த்தியில் இருக்கின்றன. கடல் உறையாத வரை அவற்றின் ரத்தமும் உறையாது. கிரீன்லாந்துச் சுறா ஆர்க்டிக்கில் திரிவது இப்படித்தான். சுறாவை ஐஸ் போடாமல் வைத்தால் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வருவது ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அந்த யூரியாவைத்தான் பாக்டீரியா உடைக்கிறது.

மற்ற மீன்களில் புரதமே வேறு வேறு. வின்டர் ஃபிளவுண்டர் என்ற தட்டை மீன் கல்லீரலில் செய்கிறது, அதுவும் குளிர்காலத்துக்கு மட்டும். ஓஷன் பவுட்டில் இருப்பது சுமார் 7,000 எடையுள்ள உருண்டைப் புரதம். இவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாமல் தனித்தனியாகத் தோன்றியவை. எல்லாவற்றையும் விட வியப்பு ஆர்க்டிக் காட் மீன். உலகின் மறுகோடியில் இருந்துகொண்டு, அண்டார்டிகா மீன்களின் அதே அலனின் அலனின் திரியோனின் சங்கிலியை அது செய்கிறது. ஆனால் மரபணுவின் பூர்வீகம் வேறு. நோட்டோதெனியாய்டுகளில் அது கணையச் செரிமான நொதியான டிரிப்சினோஜன் மரபணுவில் இருந்து வந்தது என்று 1997ல் காட்டினார்கள். ஆர்க்டிக் காட் மீனில் புரதம் எதையும் உண்டாக்காத டி.என்.ஏ.வில் இருந்து பிறந்திருக்கிறது.

இன்னொன்று, இணையத்தில் அடிக்கடி வரும் தவறு. மரபணு மாற்றிய சால்மனில் "குளிரைத் தாங்க உறைதடுப்பு மரபணு வைத்தார்கள்" என்பார்கள். 2015ல் அமெரிக்கா அனுமதித்த அந்தச் சால்மனில் வைத்தது சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணு. ஓஷன் பவுட்டில் இருந்து எடுத்தது அதை இயக்கும் சுவிட்சை மட்டும்தான். அந்தச் சால்மனுக்குக் குளிர் தாங்கும் தனிச் சக்தி எதுவும் இல்லை.

வெண்செவுள்

கணையம் என்று வந்ததால் உடற்கூறைச் சேர்த்துவிடலாம், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் புரதம் இருந்தால் மட்டும் போதாது. மீன் கடல் நீரைக் குடிக்கிறது, அதோடு ஐஸ் துணுக்கும் குடலுக்குள் போகிறது. முதலில் உறையும் ஆபத்து அங்கேதான். நோட்டோதெனியாய்டு தன் கிளைக்கோபுரதத்தைக் கல்லீரலில் செய்வதில்லை. கணையத்திலும் இரைப்பையிலும் செய்து குடலுக்குள் விடுகிறது. செரிமான நொதி மரபணுவில் இருந்து இது தோன்றியதும், குடலில் முதலில் தேவைப்பட்டதும் ஒன்றோடொன்று பொருந்திப் போகின்றன.

சம்பாதித்ததை இழக்காமல் இருக்கவும் ஏற்பாடு உண்டு. சிறிய வகைப் புரதங்கள் சிறுநீரக வடிகட்டி வழியே எளிதாக ஒழுகிப் போய்விடும். இந்த மீன்களின் சிறுநீரகத்தில் அந்த வடிகட்டி முடிச்சுகளே இல்லை. வடிகட்டாமல், சுரந்துதான் சிறுநீர் உண்டாகிறது.

பிள்ளைகள் எப்படியும் வெள்ளை ரத்த மீனைப் பற்றிக் கேட்பார்கள். சானிக்தியிடே என்ற ஐஸ்மீன் குடும்பம், சுமார் 16 இனங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் கிடையாது. முதுகெலும்புள்ள உயிர்களில் வளர்ந்த நிலையில் இப்படி இருப்பது மிக அரிது. நார்வேயின் யோஹான் ரூட் 1954ல் இதை ஆய்ந்து எழுதினார். காசிமேட்டில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். இந்த மீனைத் தூக்கினால் அப்போதுதான் பிடித்ததாக இருந்தாலும் செவுள் வெளிறித்தான் இருக்கும்.

இது சாத்தியமாவதற்குக் குளிரே காரணம். 30 டிகிரிக் கடல் நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும், மைனஸ் 1.9ல் அது 12 பக்கம் போகும். ரத்தநீரில் வெறுமனே கரையும் ஆக்சிஜனை வைத்தே ஐஸ்மீன் வாழ்கிறது. செந்நிற ரத்தமுள்ள அண்டார்டிகா மீன் சுமப்பதில் பத்தில் ஒரு பங்குகூட அதனால் சுமக்க முடியாது. அதை ஈடுகட்டப் பெரிய இதயம், இரண்டு முதல் நான்கு மடங்கு ரத்தம், அகலமான நுண்குழாய்கள், செதிலில்லாத தோல்.

எண்ணூர் முகத்துவாரம்

இந்த இடத்தில் "சிவப்பணுவை விட்டதால் ரத்தம் நீர்த்து, ஓடுவது சுலபமாகிவிட்டது, அதனால் லாபம்" என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். டீச்சர் அதை அப்படியே சொல்ல வேண்டாம். நீர்த்த ரத்தம் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு ரத்தத்தை ஓயாமல் தள்ள இதயம் செலவிடும் சக்தியைக் கணக்கில் எடுத்தால் லாபம் தெரியவில்லை. இதுபோக, 16ல் ஆறு இனங்கள் இதயத் தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினையும் இழந்திருக்கின்றன, அதுவும் ஒரே முறையில் இல்லை, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக. இதைத் தகவமைப்பு என்பதைவிட, ஆக்சிஜன் நிறைந்த, போட்டி குறைந்த கடலில் பிழைக்க முடிந்த ஒரு இழப்பு, பெரிய இதயம் அந்த இழப்புக்குப் பிறகு வந்த ஈடு என்று சொல்வதுதான் சரி.

வெண்செவுள்

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. இரும்புச்சத்து மிகக் குறைவான கடலில் இரும்பைச் சேமிப்பது லாபமாக இருந்திருக்கலாம் என்ற கருத்தும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. "இழப்பு, பிறகு ஈடு" என்று சொல்லிவிட்டு, அது முடிந்துபோன வழக்கு இல்லை என்பதையும் சொல்லுங்கள். இழப்பு என்றாலும் இவை நலிந்த குடும்பம் இல்லை. 2021 பிப்ரவரியில் போலர்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பலில் இருந்து அண்டார்டிகாவின் வெடல் கடலடியில் ஐஸ்மீன் கூடுகளைப் பார்த்தார்கள்: 240 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 6 கோடி கூடுகள் என்பது மதிப்பீடு. ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் அகலம், பலவற்றில் ஒரு மீன் காவல்.

நோட்டோதெனியாய்டுகள் பொதுவாக இழந்த இன்னொன்றும் உண்டு. டிரெமடோமஸ் பெர்னாக்கி போன்ற மீன்களைச் சூடாக்கினால், சூட்டில் மற்ற புரதங்கள் கெடாமல் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைக் கூடுதலாகச் செய்ய அவற்றால் முடிவதில்லை. மக்மர்டோ மீன்கள் 6 டிகிரி பக்கமே செத்துப்போகின்றன என்று 1967லேயே பதிவாகியிருக்கிறது. நம் ஃபிரிட்ஜின் சாதாரணத் தட்டே அவற்றுக்குச் சாகும் சூட்டுக்குப் பக்கத்தில்தான்.

தண்டையார்பேட்டை டீச்சர்

ஒத்திகை பார்த்தோம். தொட்டி மைனஸ் 1.7ல் நின்றது. 'அ' சொன்னபடியே நடந்தது. ஆனால் இரண்டு 'ஆ' குழாய்களில் ஒன்று, துணுக்குப் போடுவதற்கு முன்பே உறைந்துவிட்டது. 'இ' குழாய் ஒன்றிலும் மேலே மெல்லிய ஐஸ் தெரிந்தது. எங்கே தவறு?

ஐஸ்பார்

மூணு காரணம் இருக்கலாம் டீச்சர். முதல் காரணம், குழாயை இறக்கும்போது தொட்டியில இருந்து ஐஸ் பொடி வாய்க்குள்ள விழறது. தாளை நல்லா சுருட்டி மடிச்சு மூடுங்க, குழாயைத் தொட்டிக்கு வெளியில வெச்சே மூடிட்டு இறக்குங்க. ரெண்டாவது, மெட்ராஸ் காத்துல இருக்கற ஈரம். குழாயோட உள்சுவர்ல, கரைசலுக்கு மேல இருக்கற பாகத்துல வேர்த்து, அந்தத் துளி நல்ல தண்ணிங்கறதால பூஜ்யத்துலயே உறையும், வழிஞ்சு கீழே தொட்டா விதை விழுந்த மாதிரிதான். கரைசல் மட்டமும் தொட்டித் தண்ணி மட்டமும் ஒண்ணா இருக்கட்டும், குழாயை ரொம்ப ஆழமா அமுக்க வேணாம். மூணாவது, பழைய குழாயோட கீறல். புதுக் குழாய் எடுங்க, இல்ல கேன் தண்ணில மூணு தடவை அலசுங்க, துணியால உள்ள துடைக்காதீங்க.

'இ' மேல தெரிஞ்ச ஐஸ் ரெண்டாவது காரணத்தால வந்ததாத்தான் இருக்கும். லேசா சாய்ச்சு அதைக் கரைசல்ல நனைச்சா கரைஞ்சு போகும். கரையாம வளர்ந்தா தொட்டி மைனஸ் 2க்குக் கீழ போயிருக்குன்னு அர்த்தம்.

பழவேற்காட்டுக் கூடை

மீன் பதப்படுத்துகிற பக்கத்தில் இருந்து ஒரு சின்னச் சேர்க்கை. நல்ல ஐஸில் வைத்த மீன் உறையாமல் இருப்பதும் இதே கணக்கால்தான். ஐஸ் பூஜ்யம், மீன் சதை உறையத் தொடங்குவது மைனஸ் 1 பக்கம். சீக்கிரம் குளிரட்டும் என்று ஐஸில் உப்பை அள்ளிப் போட்டால் தோலை ஒட்டிய சதை மட்டும் மெதுவாக உறைந்து பெரிய படிகங்கள் வளரும், திசுவைக் கிழிக்கும், உருகியதும் தண்ணீர் விட்டுச் சதை தொளதொளக்கும்.

ஃபிரீசர் கதவை அடிக்கடி திறந்தாலும் சிறு படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்துவிடும். இந்தச் சேர்க்கையையும் அந்தப் புரதங்கள் மிகச் சிறிய அளவிலேயே தடுக்கும். ஓஷன் பவுட் வகைப் புரதத்தை ஈஸ்டில் வளர்த்து ஐஸ்கிரீமில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2009ல் அனுமதித்தது.

தண்டையார்பேட்டை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. குழாய்ப் பிரச்சினை சரியாகிவிட்டது. ஒத்திகையில் ஒரு மாணவி கேட்டது மட்டும் பாக்கி: "புரதம் ஐஸை வளர விடாம பிடிச்சு வெச்சுக்குது, சரி. பிடிச்ச ஐஸ் எப்ப கரையும்?"

புரதக்கூடம்

நீங்கள் போட்ட எண்களிலேயே பதில் இருக்கிறது மேடம். அந்த மீனின் ரத்தத்தில் ஐஸ் உருக வேண்டிய இடம் மைனஸ் 1.1, ஏனென்றால் உருகுநிலையை உப்புதான் தீர்மானிக்கிறது. புரதம் இருப்பதால் ஐஸ் வளரத் தொடங்கும் இடம் மைனஸ் 2.2க்கும் கீழே. கடல் இருப்பது மைனஸ் 1.9, அதாவது இரண்டுக்கும் நடுவில். அந்த இடைவெளியில் துணுக்கு வளரவும் வளராது, கரையவும் கரையாது.

அப்படியே தங்கிவிடுகிறது. மண்ணீரலில் ஐஸ் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கோடையில் கடல் சற்றுச் சூடானால் கரைந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2014ல் வெளியான ஆய்வு வேறு விதமாகக் காட்டியது: முகத்தில் ஒட்டிய அதே புரதம் ஐஸ் உருகுவதையும் தடுக்கிறது, உருக வேண்டிய வெப்பத்தைத் தாண்டிய பிறகும் மீனுக்குள் ஐஸ் அப்படியே இருந்தது. சில மீன்கள் ஆயுள் முழுக்க அந்த ஐஸைச் சுமந்தே திரியலாம்.

'இ' குழாயில் துணுக்கு கரைவதைப் பார்த்தபோது அந்த மாணவிக்கு இந்தக் கேள்வி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மீனுக்குள் அது எளிதில் கரையாது என்று சொல்லுங்கள்.